ஊரின் நாளையை ஊரே வரைய கோலப்பொடியும் புளியங்கொட்டையும் போதும்

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் திறந்து, 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார்களே, அதில் எங்கள் ஊர்க் குளமும் ஒன்று. தண்ணீர் வந்ததும் இனி ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசலாமென மாரியம்மன் கோயில் முன்னால் மைக் கட்டிக் கூட்டம் போட்டோம். வழக்கமாகப் பேசும் நாலு பேர்தான் பேசினார்கள். பெண்கள் சுவரோரம் நின்றுவிட்டுப் போனார்கள், காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. கூட்டத்தை முதலில் வைத்ததுதான் தப்பு. உங்கள் ஊரில் தொடங்குவதாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலில் ஆறேழு பேர்

இந்த வேலையை முன்னின்று நடத்த வளவுக்கு, அதாவது தெருவுக்கு, ஒருவர் வேண்டும். காலனியிலிருந்து ஒருவர், பனியன் கம்பெனிக்குப் போகும் ஒரு பெண், வாடகை வீட்டுக்காரர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆனால் தலைமை அவர்களிடம் போக வேண்டாம்.

ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள்

பால் சொசைட்டி, ரேசன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கும் இடம், தறிக்குடோனில் ஷிப்ட் மாறும் நேரம். வடக்கிலிருந்து வந்து லைன் வீடுகளில் இருப்பவர்களிடம் இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். இரண்டே கேள்வி கேளுங்கள்: "ஏனுங்க, இந்த ஊர்ல எது இப்படியே இருக்கோணும்? உங்க பேரன் பேத்தி பெரிசாகும்போது ஊரு எப்படி இருக்கோணும்?" முதல் பத்து நிமிடம் சாக்கடை, தெருவிளக்கு என்று குறைதான் வரும். குறுக்கே பேசாமல் கேளுங்கள், கொட்டி முடித்த பிறகுதான் ஆசை வெளியே வரும். அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதிக்கொள்ளுங்கள்.

தரையில் வரைபடம்

இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை முழுசாக ஒதுக்குங்கள். இடம் பள்ளிக்கூடத்து மைதானம். கோயில் வாசலுக்கு எல்லோரும் சங்கடமில்லாமல் வந்து உட்கார முடியாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன, அந்த இடத்தில் வரைந்தால் அது பாதி ஊரின் வரைபடம்தான். பெண்கள் கையில் கோலப்பொடியைக் கொடுங்கள். வெள்ளைக் கோடு பாதை, செங்கல் பொடி வாய்க்கால், கல் வைத்தால் வீடு, வேப்பிலை வைத்தால் மரம். இன்றைய ஊரை வரைந்து முடித்த பிறகு அதன்மேல் வேண்டிய ஊரை வரையச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் ஆண்கள் இதுதான் ஊர் என்று சொல்லி முடித்த பிறகு, ஒரு ஆத்தா எழுந்து வந்து குளத்துக்கு மேற்கே செங்கல் பொடியில் ஒரு கோடு போட்டார். வீட்டுமனை சைட் போட்டபோது மண் தள்ளி மூடிய ஓடை அது. அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது, அன்றைக்கு நடந்ததிலேயே உருப்படியான பேச்சும் அதுதான். கலைவதற்கு முன் போட்டோ எடுத்து சார்ட்டில் பிரதி செய்துவிடுங்கள்.

புளியங்கொட்டை

ஒவ்வொரு ஆசைக்கும் ஒரு தட்டு, ஆளுக்கு ஐந்து கொட்டை. எது முக்கியமோ அதில் போடலாம், ஐந்தையும் ஒன்றிலேயே போட்டாலும் சரி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தட்டுகளைத் தனித்தனியாக வையுங்கள். எங்களுக்கு ஆண்கள் தட்டில் குளத்துக்குத் தார் ரோடு முதலில் வந்தது, பெண்கள் தட்டில் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரை விளக்கு முதலில் வந்தது. ஒன்றாக எண்ணியிருந்தால் விளக்கு அடிபட்டுப் போயிருக்கும்.

கிராம சபை

கிராம சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் ஒரு நாளைக் குறிவைத்து இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு அக்டோபர் 2 தோதான நாள். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் குறைவெண் (கோரம்) நிறையும், அதனால் ஆள் கூட்டுவதும் உங்கள் வேலைதான். "குளத்தை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, சர்வே எண், எங்கிருந்து எதுவரை, என்ன வேலை என்று எழுதுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

"இதெல்லாம் பஞ்சாயத்தால ஆகாது" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையே நிறுவியது, அதைச் சொல்லுங்கள்.

எங்கள் சார்ட் இப்போது ரேசன் கடைச் சுவரில் இருக்கிறது. விளக்கு வந்த தேதியைப் பச்சை மையில் எழுதிவிட்டோம். ஓடையை அளக்க மனு கொடுத்திருக்கிறோம், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறோம்.