பூட்டனைத் தேடுகிறவர்கள் விளைப் பெயரில் தொடங்குங்கள்

குடும்ப மரம் வரைய உட்கார்ந்ததும் எல்லோரும் ஆட்களின் பெயர்களைத்தான் முதலில் எழுதுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். எங்கள் வீட்டில் பாட்டாவின் (தாத்தாவின்) பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். அதனால் ஒரே பெயரில் இருந்த இரண்டு பேரை ஒரே ஆளாக எழுதி, நடுவில் ஒரு தலைமுறையையே தொலைத்துவிட்டேன். அதைக் கண்டுபிடிக்கவே எட்டு மாதம் ஆனது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஆளை அடையாளம் சொல்வது விளையை, அதாவது வீடு நிற்கும் தோட்ட நிலத்தை, வைத்துத்தான். வேதத்தில் சேர்ந்தவருக்கு, அதாவது கிறிஸ்தவரானவருக்குப், பெயர் மாறியிருக்கும், ஆனால் ஊர்க்காரர்கள் கடைசிவரை அவரை இன்ன விளை வீட்டுக்காரர் என்றே சொல்லியிருப்பார்கள். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் வீட்டுப் பெயர், விளையின் பெயர், ஊர் மூன்றையும் எழுதுங்கள். அம்மா வீட்டுக்கும் தனியாக எழுதுங்கள்.

அப்புறம் நேராக வயதானவர்களிடம் போங்கள். காகிதம் அடுத்த வருஷமும் இருக்கும். "நீங்க எந்த வருஷம் பிறந்தீங்க?" என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. ஊரே அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிக் கேளுங்கள்: 1936-ல் கோவில் நுழைவு விளம்பரம், 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, 1956 நவம்பர் 1-ல் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. என் பாட்டாவின் கடைசித் தங்கைக்கு இப்போது 91 வயது. மரச்சீனிக் கிழங்கின் தோல் சீவிக்கொண்டே சொன்னார்: "மக்களே, எனக்க மூத்த மவ பிறந்தது புதுக்கடையில வெடிவச்ச வாரமாக்கும். வைத்தியச்சியைக் கூப்பிடப் போனவரு பயந்து திரும்பி வந்துட்டாரு." சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பார்த்தேன், அதே வருஷம் செப்டம்பர் மாதம் பதிவாகியிருந்தது. கை வேலையாக இருக்கும்போது கேட்டால் பேச்சு தானாக வருகிறது. போனை நீட்டி "சொல்லுங்க பாட்டி" என்றபோது அவர் ஒன்றுமே சொல்லவில்லை.

அடுத்தது ஆதாரம், அதாவது பழைய நிலப் பத்திரம். தட்டில் (பரணில்) இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள் இருந்தால் அதைவிட நல்ல சான்று வேறு கிடையாது. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் தேசம் (ஊர்), வீட்டுப் பெயர், அப்பா பெயர், தொழில், வயது எல்லாம் அதில் இருக்கும். எங்கள் ஆதாரம் நான்காக மடித்தே கிடந்ததில் மடிப்புகள் இற்றுப்போயிருந்தன. அழுத்தி விரிக்காதீர்கள், லேமினேஷன் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் பகுதி பகுதியாகப் படம் எடுத்தால் போதும். மலையாளத்தில் இருந்தால் குழித்துறை பக்கம் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வரிக்கு வரி வாசிக்கச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள்.

அதில் உள்ள வருஷம் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு. ஆங்கில வருஷமாக்க, ஆவணி ஒன்று முதல் மார்கழி பாதி வரையுள்ள தேதிக்கு 824-ஐக் கூட்டுங்கள், அதற்குப் பிந்தியதற்கு 825. எங்கள் ஆதாரம் 1084 தை மாதம், அதாவது 1909. வாங்கிய பூட்டனுக்கு (தாத்தாவின் அப்பா) அதில் வயது 22. அப்படியானால் பிறந்தது 1887 வாக்கில். நான் ஒன்றாக எழுதிய இரண்டு பேரும் இந்த ஒரு வரியில் பிரிந்துவிட்டார்கள்.

ஆதாரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேளுங்கள். பழைய புத்தகங்களைக் கையால் புரட்டித்தான் தேட வேண்டும் என்பதால், பழைய சர்வே எண்ணையும் உத்தேச வருஷத்தையும் கொண்டுபோனால் வேலை சுருங்கும்.

சபைப் பதிவேடுகளைப் பார்க்க ஆயரிடமோ (சபைப் போதகர்) கத்தோலிக்கப் பங்குத்தந்தையிடமோ எழுத்தில் அனுமதி கேளுங்கள். கத்தோலிக்கப் பங்குகளின் பழைய பதிவுகள் லத்தீனில் இருக்கலாம், ஊரில் அழைத்த பெயர் அதில் வேறு உருவில் நிற்கும். கோட்டாறு மறைமாவட்டம் 1930-ல்தான் கொல்லத்திலிருந்து பிரிந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்க வசதியாக அன்று சொன்ன தேதியாக இருக்கலாம்.

நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளிலும் நாயர் தறவாடுகளிலும் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருமக்கள் வழி, அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை, இருந்த காலத்துப் பத்திரத்தில் அப்பாவை எதிர்பார்க்காதீர்கள். காரணவராக (குடும்பத் தலைவராக) நிற்பவர் அம்மாவின் அண்ணனாகவோ அவருக்கும் மூத்த மாமனாகவோ இருப்பார். பாட்டி, அவருடைய அம்மா, அவருடைய அம்மா என்று பெண் வழியே ஏறுங்கள்.

ஆதாரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நான் முதலில் தாண்டித்தான் போனேன். விளை பெரும்பாலும் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்தது என்பதால் எல்லைக்காரர்கள் பல நேரம் சொந்தக்காரர்களே. நான்கெல்லையைப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். கிழக்கு எல்லையில் வந்த பெயரைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார். "அது எங்க அம்மைக்க அண்ணனில்லியா! அவருக்க பிள்ளைகள் கருங்கல் பக்கம் போய்த் தங்கிட்டாங்க." அந்த வீட்டுப் பெயரையும் சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு கருங்கலுக்குப் போகிறேன்.