பேஸ்பால் மைதானங்களும் அருங்காட்சியகங்களும்: கார் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகாகோவில் கார் எடுத்து செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி போய், திரும்பும் வழியில் லூயிவில், சின்சினாட்டி. பேஸ்பால் பிடித்தவர்களுக்கு அமெரிக்காவின் நடுப்பகுதியில் இதைவிட நல்ல கோடைப் பயணம் கிடையாது. ஆனால் பலர் முதலில் மேப்பைத் திறந்து ஊர்களை வரிசைப்படுத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் அங்கே ஆட்டம் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். பாதிச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். சொந்த மைதானத்தில் 81. ஊரில் ஒரு வாரம் ஆடினால் அடுத்த வாரம் வெளியூரில் இருப்பார்கள். அதனால் அட்டவணைதான் பாதையைத் தீர்மானிக்க வேண்டும். ஓய்வு நாட்கள் பெரும்பாலும் திங்களிலும் வியாழனிலும் வரும். ஜூலை நடுவில், நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் இடைவேளைக்காகச் சில நாட்கள் லீக் ஆட்டமே இருக்காது. விமான டிக்கெட் போடுமுன் அதைப் பாருங்கள். சிகாகோவில் மட்டும் கவலை குறைவு; அங்கே இரண்டு அணிகள். கப்ஸ் வெளியூர் போனால் பெரும்பாலும் ஒயிட் சாக்ஸ் ஊரில் இருப்பார்கள்.

மழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து முடிந்துவிட்டால், மழையில் நின்றுபோனாலும் அது முழு ஆட்டமாகவே எண்ணப்படும். ஆட்டம் தள்ளிப்போனால் உங்கள் டிக்கெட் பொதுவாக மாற்றுத் தேதிக்குச் செல்லும்; அன்றைக்கு நீங்கள் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பீர்கள். ஒரே மைதானத்தில் வழக்கமாக மூன்று ஆட்டங்கள் தொடராக நடக்கும். கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்காமல் முதல் ஆட்டத்துக்கு வாங்கினால், மழை கெடுத்தாலும் மறுநாள் ஒரு வாய்ப்பு இருக்கும்.

இருக்கை விஷயத்தில் விலையை மட்டும் பார்க்காதீர்கள். பேட்டர் கிழக்கு-வடகிழக்கைப் பார்த்து நிற்கும்படி மைதானத்தை அமைப்பதே விதிநூலின் பரிந்துரை. எல்லா மைதானங்களும் அப்படி இல்லை. அப்படி இருக்கும் இடங்களில் மாலை வெயில், பேட்டருக்கு இடப்புறமான மூன்றாம் பேஸ் பக்கத்து ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்விடும். முதல் பேஸ் பக்கமும் அவுட்ஃபீல்டும் வெந்துகொண்டிருக்கும். கான்சஸ் சிட்டியின் ஜூலை வெயில் சென்னைக்காரர்களையும் சோதிக்கும்.

அருங்காட்சியகத்தை ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் திணிப்பது எனக்குப் பொறுக்காத தவறு. கான்சஸ் சிட்டியில் இருக்கும் நீக்ரோ லீக்ஸ் பேஸ்பால் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நுழைந்ததுமே கம்பிவலைக்கு அப்பால் ஒரு சிறிய மைதானம், அதில் ஆளுயர வெண்கல வீரர்கள். கண்ணுக்குத் தெரியும், உள்ளே போக முடியாது. கறுப்பின வீரர்களை மேஜர் லீக் வெளியே நிறுத்திய வரலாற்றை முழுக்கச் சுற்றி வந்த பிறகுதான் அந்த மைதானத்தில் கால் வைக்க முடியும். 1920இல் நீக்ரோ நேஷனல் லீக் உருவானது இதே ஊரில்தான். மேஜர் லீக்கின் அந்தத் தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன் 1947இல் டாட்ஜர்ஸ் அணிக்கு ஆடுவதற்கு முன், 1945இல் இங்குள்ள மொனார்க்ஸ் அணியில் இருந்தார். ஓட்டமாய் ஓடினால் இதெல்லாம் வெறும் புகைப்படமாகிவிடும். திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். ஊரின் மேஜர் லீக் மைதானமான காஃப்மன் ஸ்டேடியம் பக்கத்துத் தெருவில் இல்லை, காரில்தான் போக வேண்டும். சின்சினாட்டியிலும் செயின்ட் லூயிஸிலும் அணியின் அருங்காட்சியகம் மைதானத்தை ஒட்டியே இருப்பதால், ஒரே நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ள ஏற்றவை அவைதான்.

சில சின்ன விஷயங்கள். முதுகுப்பையை அனுமதிக்காத மைதானங்கள் நிறைய. முந்தின நாளே விதியைப் பாருங்கள். டிக்கெட் போனில்தான், அதனால் சார்ஜ் வேண்டும். சிகாகோவில் கப்ஸ் ஆடும் ரிக்லி ஃபீல்டுக்குக் காரில் போகாதீர்கள். அடிசன் ரயில் நிலையம் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது. ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும் என்ற பழைய கணக்கும் வேண்டாம். 2023இல் பந்து வீசுவதற்கு நேரக்கட்டுப்பாடு வந்த பிறகு சராசரி சுமார் 2 மணி 40 நிமிடம்தான். தாமதமாகப் போனால் இழப்பு அதிகம்.

செயின்ட் லூயிஸிலிருந்து லூயிவில் போகும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடிவிடும். லூயிவில் ஸ்லக்கர் மட்டைத் தொழிற்சாலைச் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்திருந்தால் அந்த ஒரு மணியையும் சேர்த்துக் கிளம்புங்கள். சுற்றுலா முடிவில் ஒரு குட்டி மட்டை தருவார்கள். ஊர் திரும்பும்போது அதைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.