சமையலறை அலமாரிக்குக் கைப்பிடி வாங்கும் முன்

மாடுலர் கிச்சன் வேலையில் கைப்பிடி எப்போதும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். ஷட்டர் (அலமாரிக் கதவு) வெட்டி, மைக்கா ஒட்டி, கீலும் மாட்டிய பிறகு "ஹேண்டில் வாங்கிட்டு வாங்க" என்பார் ஆசாரி. அதற்குள் சில வகைகள் கைவிட்டுப் போயிருக்கும். கைப்பிடிக்குப் பதிலாக ஷட்டர் விளிம்பில் மாட்டும் அலுமினியப் புரொஃபைல் (நீளப் பட்டை) வேண்டுமென்றால் அதன் அளவைக் கழித்துத்தான் ஷட்டரையே வெட்ட வேண்டும். விரல் விட்டு இழுக்கும் பள்ளமாகப் பெட்டியோடு பதியும் கோலா புரொஃபைலுக்குப் பக்கப்பலகையில் முன்கூட்டியே வெட்டு எடுக்க வேண்டும். அதனால் பலகை அறுக்கும் முன்பே எந்த வகை என்று முடிவு செய்துவிடுங்கள்.

கடையில் கைப்பிடியைக் கண்ணால் மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். சமையலறையில் அதைத் தொடப்போவது மாவு பிசைந்த கை, எண்ணெய்க் கை, ஈரக் கை. மாதிரிப் பலகையில் மாட்டியிருக்கும் கைப்பிடிக்குள் நான்கு விரலையும் விட்டு இழுத்துப் பாருங்கள். பலகைக்கும் கம்பிக்கும் நடுவே குறைந்தது 25 மி.மீ. இடம் வேண்டும், அதற்குக் குறைந்தால் நகம் ஷட்டரில் உரசி, அந்த இடம் நாளடைவில் மங்கிவிடும். உள்பக்க விளிம்பு கூராக இருந்தால் வேண்டவே வேண்டாம். இரண்டு முனையும் நீட்டிக்கொண்டிருக்கும் நேர்க்கம்பிக் கைப்பிடியில் முந்தானையும் துப்பட்டாவும் மாட்டும். முனை பலகையை நோக்கி வளைந்த, ஆங்கில ‘D’ வடிவம்தான் நடமாட்டம் உள்ள இடத்துக்கு நல்லது.

குமிழ் அழகாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் ஒற்றைத் திருகில் நிற்பதால் இழுக்க இழுக்கச் சுழன்று தளரும். மேல் அலமாரி, பரண் கதவு போன்ற லேசான ஷட்டருக்குப் போதும். குக்கரும் இட்லிப் பானையும் வைக்கும் டிராயருக்குக் குமிழ் போடக் கூடாது. மூட்டு வலி உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் குமிழையே தவிர்ப்பது நல்லது. விரல் நுனியால் பற்றி இழுப்பது அவர்களுக்குச் சிரமம்.

அளவில்தான் நிறையக் குழப்பம் வரும். கடைக்காரர் "ஆறு இஞ்ச், எட்டு இஞ்ச்" என்று சொல்வது சில சமயம் மொத்த நீளம், சில சமயம் துளை இடைவெளி. நமக்கு வேண்டியது ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் வரை உள்ள தூரம். அது பெரும்பாலும் 96, 128, 160, 192, 224, 256, 320 மி.மீ. என்று 32-இன் மடங்கில் வரும். பழைய கைப்பிடியை மாற்றுகிறவர்கள் ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த துளையின் இடது ஓரம் வரை அளந்தால் மைய இடைவெளி சரியாகக் கிடைக்கும். டிராயர் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீளம் கண்ணுக்கும் கைக்கும் பொருந்தும். 900 மி.மீ. டிராயருக்கு 320 போடலாம், அல்லது 160-இல் இரண்டு. அகல டிராயரில் சின்னக் கைப்பிடி ஒன்றை ஓரமாகப் போட்டால் ஒருபக்கமாகவே இழுபட்டு, டிராயர் ஓடும் சேனல் கோணிக்கொள்ளும்.

உலோகத்துக்கு வருவோம். கையில் கனமாக இருந்தால் தரமானது என்று நம்ப வேண்டாம். முலாம் பூசிய துத்தநாகக் கலவை வார்ப்பும் கனக்கும். முலாமில் ஒரு கீறல் விழுந்தால் அங்கே பொரிந்து, வெண்மையாகப் பூக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். அங்கே 304 தர ஸ்டீலோ அனோடைஸ் செய்த (மின்முறையில் பாதுகாப்புப் படலம் ஏற்றிய) அலுமினியமோ வாங்குங்கள். 202 தர ஸ்டீலில் நிக்கல் குறைவு, கடற்கரையில் துருப் புள்ளி விழும். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, இரண்டிலுமே காந்தம் சரியாக ஒட்டாது. தரத்தைப் பில்லில் எழுதி வாங்குவதுதான் வழி.

எந்த உலோகமானாலும் சிங்க்குக்கு அடியில் ஆசிட் பாட்டில் வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் கசியும் ஆவி கீலையும் கைப்பிடியையும் சேர்த்தே அரிக்கும். சிங்க் அலமாரியின் கீல் மட்டும் முதலில் துருப்பிடிப்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். ஆன்டிக் நிறப் பித்தளையில் புளி போட்டுத் தேய்த்தால் அந்த நிறமே போய்விடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

கீழ் அலமாரிக் கதவில் கீலுக்கு எதிர்ப்பக்கம் மேல் மூலையிலும், மேல் அலமாரியில் கீழ் மூலையிலும், ஓரத்திலிருந்து 50 முதல் 75 மி.மீ. தள்ளிக் கைப்பிடி வர வேண்டும். ஆழமான பாத்திர டிராயரில் நடுவில் வைக்காமல் மேல்பகுதியில் வைத்தால் குனிவது குறையும். ‘எல்’ வடிவ சமையலறையின் மூலையைத் தனியாகக் கவனியுங்கள்: ஒருபக்க டிராயர் திறக்கும்போது மறுபக்கக் கைப்பிடியில் இடிக்கும். கைப்பிடி 35 மி.மீ. நீட்டினால் மூலையில் 50 மி.மீ. ஃபில்லர் பட்டை (இடைவெளிக்காக வைக்கும் பலகைத் துண்டு) விட வேண்டும், இதையும் பெட்டி செய்யும்போதே சொல்லிவிடுங்கள்.

துளை போடும் முன் கைப்பிடியை இருபக்க டேப்பால் ஒட்டி, ஒரு நாள் புழங்கிப் பாருங்கள். மைக்காவில் தப்பாக விழுந்த துளையை அடைத்தாலும் தழும்பு தெரியும். இடம் உறுதியானதும் 6 மி.மீ. ப்ளைவுட் துண்டில் ஓரத் தடுப்பு வைத்து ஒரு அச்சு செய்து, எல்லாக் கதவுக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஒவ்வொன்றையும் தனியாக அளந்தால் 2 மி.மீ. வித்தியாசம்கூட வரிசையில் பளிச்சென்று தெரியும். மாஸ்கிங் டேப் ஒட்டி, பின்னால் ஒரு வேண்டாத பலகையை அழுத்திப் பிடித்து, முன்பக்கமிருந்து முதலில் 3 மி.மீ. பிட், பிறகு 5 மி.மீ. பிட் விட வேண்டும். பின்பலகை இல்லாவிட்டால் பிட் வெளியேறும் இடத்தில் மைக்கா சிம்பாகப் பெயரும்.

திருகு பெரும்பாலும் 4 மி.மீ. தடிமன். 18 மி.மீ. பலகையோடு இருபக்க மைக்காவும் சேர்த்து ஏறக்குறைய 20 மி.மீ. வருவதால் 25 மி.மீ. நீளம் சரி. மரப்பெட்டிக்கு முன்னால் தனி முகப்பு வைத்த டிராயரில் இரண்டு பலகையைத் தாண்ட வேண்டும். அங்கே இரண்டு தடிமனையும் கூட்டி, மேலே 5 மி.மீ. சேர்த்து வாங்குங்கள். திருகு முழுதும் இறுகியும் கைப்பிடி ஆடினால் திருகு நீளம் அதிகம் என்று பொருள். ஒரு வாஷர் போட்டால் தீரும். கடைசிச் சுற்றுகளை மிஷினில் முறுக்காமல் கையால் முறுக்குங்கள், துத்தநாகத்தில் மரை எளிதில் அழிந்துவிடும். இரண்டு வாரம் கழித்து எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு மேல் இரண்டு கைப்பிடி சேர்த்தே வாங்கி வையுங்கள். கறுப்பிலும் ரோஸ் கோல்டிலும் அடுத்த லாட் நிறம் பொருந்துவது அரிது.