ஒளிரும் காளான் ஆராய்ச்சிக்கு பிரேசில் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஒளிரும் காளான் ஆராய்ச்சிக்கு உதவப் போகலாமா என்று யாராவது கேட்டால், எந்தப் படத்தைப் பார்த்து இந்த ஆசை வந்தது என்றுதான் நான் முதலில் கேட்பேன். காடே பச்சை விளக்குப் போட்டது போல இருக்கும் அந்தப் படங்கள் எல்லாம் கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஷட்டரை அரை நிமிடமோ, சில சமயம் பல நிமிடமோ திறந்து வைத்து எடுத்தவை. கண்ணுக்கு அப்படித் தெரியாது. பச்சையா வெள்ளையா என்று தயங்க வைக்கிற, சாம்பல் பூத்த மாதிரி ஒரு மங்கல் வெளிச்சம்தான் தெரியும். நேரில் பார்த்தால் அதன் அழகே வேறு. ஆனால் படத்தை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் முதல் இரண்டு ராத்திரியிலேயே சோர்ந்துவிடுகிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்வது சாவோ பாவுலோ மாநிலத்தின் தெற்கில் இருக்கும் ரிபெய்ரா பள்ளத்தாக்கைப் பற்றி. சாவோ பாவுலோ நகரத்திலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் போனால் இப்பொராங்கா என்று ஒரு சிற்றூர். பக்கத்திலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட குகைகள் உள்ள பெத்தார் மாநிலப் பூங்கா. இது அமேசான் இல்லை, அட்லாண்டிக் மழைக்காடு. பிரேசில் என்றாலே அமேசான், அமேசான் என்றாலே வெக்கை என்று நினைத்து மெல்லிய டி-ஷர்ட்டுகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். ஜூன், ஜூலை ராத்திரிகளில் அங்கே நன்றாகவே குளிரும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். நமக்குக் கல்லூரி விடுமுறை மே, ஜூனில் வருகிறது, அதனால் அப்போதே டிக்கெட் போடத் தோன்றும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே அது குளிர்காலம், மழை குறைவு. காளான் நிறையக் கிளம்புவது அக்டோபரிலிருந்து மார்ச் வரையிலான மழை மாதங்களில்தான். அதிலும் அமாவாசையை ஒட்டிய பத்து நாள் கிடைக்கிற மாதிரி தேதியை அமைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி நிலவு இலைகளுக்கு நடுவே விழும்போது தரையில் கிடக்கிற ஒவ்வொரு வெளிறிய இலையும் காளான் மாதிரியே தெரியும்.

அடுத்தது இருட்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் கண் முழு இருட்டுக்குப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும், அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். என் முதல் இரவு நடையில் வழிகாட்டி எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு ஈர மண்ணில் உட்காரச் சொன்னார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். மணி என்ன என்று பார்க்க நான் போனை எடுத்தேன். திரை ஒளிர்ந்த அந்தக் கணத்தில் அங்கே இருந்த ஆறு பேருடைய கண்ணும் திரும்ப ஆரம்பத்துக்குப் போய்விட்டது. யாரும் திட்டவில்லை, மறுபடியும் முதலிலிருந்து காத்திருந்தோம். அப்புறம்தான் என் கால் பக்கத்தில் கிடந்த ஒரு சுள்ளி தெரிந்தது. நேராகப் பார்த்தால் மறைந்தது, சற்றுத் தள்ளிப் பார்த்தால் திரும்ப வந்தது. மங்கல் வெளிச்சத்தை உணர்கிற செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன, அதனால் கடைக்கண்ணால்தான் பார்க்க வேண்டும். அந்தச் சுள்ளியில் மூன்று காளான் குடைகள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. நான் காலை நீட்டியிருந்தால் மூன்றும் நசுங்கியிருக்கும்.

அதனால் சிவப்பு வெளிச்சம் தரும் தலை டார்ச் இல்லாமல் போகவே போகாதீர்கள். போனைப் பையின் அடியில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள், கைக்கடிகாரத்தின் ஒளிரும் முள்ளைக்கூட மறைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பாதையை விட்டு ஒரு அடிகூட விலகி வைக்காதீர்கள், காளானுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் காட்டில் ஜராராக்கா என்ற விஷப்பாம்பு சாதாரணமாக இருக்கிறது, சருகின் நிறத்திலேயே கிடக்கும். கம்பூட்ஸும் முழங்கால் வரை மூடும் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள், அவை இல்லாமல் வருகிறவரை நல்ல ஆய்வு நிலையத்தில் ராத்திரி வெளியே விடமாட்டார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்டைக்குப் பயப்படுகிற மாதிரி அங்கே உண்ணிக்குப் பயப்பட வேண்டும். தினமும் குளிக்கும்போது உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்த பிறகு காய்ச்சல் வந்தால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த மாநிலத்தில் உண்ணியால் வரும் புள்ளிக் காய்ச்சல் உயிரையே எடுக்கக்கூடியது.

தடுப்பூசி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் ரிபெய்ரா பள்ளத்தாக்கிலேயே பரவியிருக்கிறது. ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது விமான நிலையத்தில் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், கையில் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள். குறிப்பிட்ட மையங்களில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். விசாவையும் இதே போலத்தான் பார்க்க வேண்டும். சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலை செய்யலாமா என்பதைத் தூதரகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பு போய் வந்தவர் ஒன்றும் ஆகாது என்று சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். நாள் முழுக்கக் காட்டில் நடக்கப் போகிறோம் என்று நினைக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய ஏமாற்றம். பகலில் கண்ணாடிச் சாமான் கழுவுவது, பூஞ்சை வளர்க்கும் அகார் கூழைக் காய்ச்சி பெட்ரி தட்டுகள் எனும் மூடியுள்ள சின்னத் தட்டுகளில் ஊற்றுவது, லேபிள் எழுதுவது, முந்தின ராத்திரிக் குறிப்புகளைக் கணினியில் ஏற்றுவது, இப்படியேதான் போகும். இந்த வேலைதான் ஆராய்ச்சி. ஒளி எப்படி உண்டாகிறது என்று 2015லும் 2018லும் வந்த கண்டுபிடிப்புகள், ஹிஸ்பிடின் என்ற பொருளிலிருந்து உருவாகும் லூசிஃபெரின் என்ற ஒளி தரும் பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது பச்சை ஒளி பிறக்கிறது என்பதெல்லாம், இப்படிப் பொறுமையான ஆய்வுக்கூட வேலையால்தான் தெரியவந்தன. தட்டின் மூடியை முழுசாகத் திறப்பதும் திறந்த தட்டுக்கு மேலே பேசுவதும் புதியவர்கள் எல்லோரும் செய்வது. மூடியை ஒரு பக்கம் மட்டும் விரல் அளவு தூக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தட்டில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தால் அந்த இரவின் உழைப்பு மொத்தமும் போயிற்று.

காட்டில் காளானைக் கண்டவுடன் பிடுங்குவதும் அப்படித்தான். முதலில் எங்கே, எதன் மேல் வளர்ந்திருக்கிறது என்று எழுதுங்கள், சுள்ளியோடு படம் எடுங்கள். எந்தப் பாகம் ஒளிர்கிறது என்பதையும் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் இனத்துக்கு இனம் அது மாறும். மேகாலயாவில் செத்த மூங்கிலில் வளர்வதாக 2020இல் விவரிக்கப்பட்ட ரோரிடோமைசிஸ் காளானில் காம்பு மட்டும்தான் ஒளிரும், குடை ஒளிராது. சில இனங்களில் குடை ஒளிராது, மரத்துக்குள் ஓடும் பூஞ்சை இழைதான் ஒளிரும். பேனாவில் எழுதினால் மழையில் கரைந்துவிடும், பென்சில் கொண்டு போங்கள். எடுத்த காளானை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டினால் காலைக்குள் கூழாகிவிடும். சின்ன டப்பாவில் ஈரப் பாசியோடு வையுங்கள். கொசு மருந்து பூசிய கையால் தொடாதீர்கள், பூச்சி பற்றிய ஆய்வு நடக்கும் இடத்தில் இது பெரிய கெடுதல். அக்ரிலிக்கில் செய்த போலிக் காளானுக்குள் பச்சை எல்ஈடி வைத்து, ஒளி இருந்தால் பூச்சி அதிகம் வருகிறது என்று 2015இல் காட்டியது பிரேசிலில் நடந்த ஆய்வுதான்.

ஒரு துண்டு காய்ந்த காளானைக்கூட நினைவுக்கு என்று பெட்டியில் வைத்துக் கொண்டு வரக் கூடாது. அங்கே சேகரிப்பதற்கே சிஸ்பியோ என்ற அரசு அனுமதி அமைப்பு வழியாக அனுமதி வேண்டும், 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி உயிரின மரபு வளம் பற்றிய ஆய்வை சிஸ்ஜென் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அனுமதி நிலையத்தின் பெயரில் இருக்கிறது, உங்கள் பெயரில் இல்லை. நீங்கள் மாட்டினால் தடைபடுவது அவர்களுடைய பல வருட வேலை.

போர்ச்சுகீஸ் ஒரு சொல்கூடத் தெரியாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஊர்க்காரர்கள் பலருக்கு ஆங்கிலம் வராது, ஆனால் காட்டை அறிந்தவர்கள் அவர்கள்தான். 1839இல் ஸ்காட்லாந்து தாவரவியலாளர் ஜார்ஜ் கார்ட்னர் பிரேசிலில் நாட்டிவிடாடே என்ற ஊர்த் தெருவில் ராத்திரி நடந்தபோது, ஒளிரும் எதையோ வைத்து விளையாடிக்கொண்டிருந்த பையன்களைப் பார்த்தார். முதலில் மின்மினி என்று நினைத்தார். குட்டைப் பனையின் உதிர்ந்த மட்டையில் வளரும் காளான் அது, ஊர்க்காரர்கள் அதைத் தேங்காய்ப் பூ என்று அழைத்தார்கள் (அவர்கள் மொழியில் ஃப்ளோர் டி கோக்கோ). இன்று அந்த இனத்தின் பெயரில் கார்ட்னர் இருக்கிறார், காட்டிக் கொடுத்த பையன்களின் பெயர் எங்கும் இல்லை. இரண்டு மாதம் முன்பே தினம் அரை மணி நேரம் மொழியைப் படியுங்கள். சமையலறையில் உட்கார்ந்து பேசும்போது எந்த ஓடைக்கரையில் எந்த மழைக்குப் பிறகு ஒளிர்ந்தது என்று ஊர்க்காரர்கள் தானாகவே சொல்வார்கள்.

பணம். தங்குமிடம், சாப்பாட்டுக்கு நிலையம் கட்டணம் வாங்குவது நியாயம்தான், ஆனால் இடைத்தரகர் வழியாகப் போகும் முன் நிலையத்துக்கே நேரடியாக எழுதுங்கள். ஆய்வை நடத்துவது யார், இதுவரை என்ன கட்டுரை வெளிவந்திருக்கிறது, என் ஒரு நாள் வேலை என்ன, பாம்பு கடித்தால் மாற்று மருந்து உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். நான்காவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அங்கே போக வேண்டாம்.

இவ்வளவும் செய்வதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் வனத்துறை அனுமதியோடு இரவு நடை கூட்டிப் போகிறவர்களுடன் ஒரு ராத்திரி போங்கள். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஈரத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்காருங்கள். ஒன்றுமே ஒளிராமல் போகலாம், அப்படிப் போனாலும் மறுநாளும் உட்காரத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். தோன்றினால் தடுப்பூசிக்கு நாள் குறித்துவிடலாம்.