வகுப்பறைக்குள் ஏஐ: தடுப்பதிலும் தவறு, திறந்துவிடுவதிலும் தவறு

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நம் ஊர்த் தொழில் ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். எல்லோரும் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்ப் பிள்ளைகள். கண்டாங்கிச் சேலை, ஓலைக் கொட்டான், பலகாரம் என்று ஏதாவது வரும் என நினைத்திருந்தேன். ஏழு பேர் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஏழு நோட்டிலும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: 'களிமண்ணால் செய்து சூளையில் சுடப்படுகிறது.' அந்த ஏழு பேரில் ஒரு பையனின் அப்பா கல் பட்டறையில்தான் வேலை பார்க்கிறார்.

"கல்லைச் சூளையில சுடுவாங்களாடா?"

"இல்ல சார். கண்ணாடி மேல கலர் ஊத்தி, சிமெண்டு போட்டு, தண்ணித் தொட்டியில போடுவாங்க."

"அப்புறம் ஏன் இப்படி எழுதுன?"

"போன்ல ஏஐகிட்ட கேட்டேன், அப்படித்தான் சார் வந்துச்சு."

அவன் வாயால் சொன்னதுதான் சரி. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, கட்டத்துக்கொரு நிறமாகச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். கண்ணாடியை எடுத்தால் கல் பளபளக்கும். நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை. சின்ன வயதிலிருந்து கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு, போனில் வந்ததை அந்தப் பையன் நம்பினான். அவன் காப்பியடித்ததை விட இதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

ஏஐயை, அதாவது செயற்கை நுண்ணறிவை, பள்ளியில் தடை செய்வதா, வரவேற்பதா என்று ஆசிரியர் அறைகளில் இப்போது பேச்சு நடக்கிறது. இரண்டு பக்கமும் செய்கிற தவறுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், சிலவற்றை நானே செய்தும் இருக்கிறேன்.

தடை போட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைப்பது முதல் தவறு. கேட்டதற்கெல்லாம் பதில் எழுதித் தரும் சாட்ஜிபிடி என்ற ஏஐ கருவி 2022 நவம்பர் 30 அன்று வெளிவந்தது. நியூயார்க் நகர அரசுப் பள்ளிகள் 2023 ஜனவரியில் பள்ளிக் கருவிகளிலும் பள்ளி இணையத்திலும் அதைத் தடுத்தன. அதே ஆண்டு மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன. பள்ளி இணையத்தில் பூட்டுப் போடலாம், பிள்ளையின் வீட்டில் போட முடியுமா? நம் பக்கம் போனே வகுப்புக்குள் வரக் கூடாது என்பதுதான் பழைய விதி. அதாவது தடை ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் வீட்டுப்பாடம் போனிலிருந்துதான் வருகிறது. அதிலும் தனிப் போன் உள்ள பிள்ளைக்கு எந்நேரமும் வசதி. வேலைக்குப் போன அம்மா ராத்திரி கொண்டுவரும் ஒரே போனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்கு அரை மணி நேரம். இந்த ஏற்றத்தாழ்வைத் தடை சரிசெய்யாது, நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

அடுத்தது, 'இதை ஏஐ எழுதியதா?' என்று சொல்லும் கண்டுபிடிப்புக் கருவிகளை நம்புவது. பிள்ளைகளுக்கு நேரடியாகக் காயம் உண்டாக்குவது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியதாகத் தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் அந்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் ஏஐ எழுதியது என்று வந்தது. காரணம் எளிது. அடுத்த சொல்லை எளிதாக ஊகிக்க முடிந்தால் அதை இயந்திர நடை என்று அந்தக் கருவிகள் எடுத்துக்கொள்கின்றன. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தை எப்படி எழுதுகிறார்கள்? தெரிந்த சொற்களை வைத்து, பிழை வரக் கூடாதே என்ற பயத்தோடு, பாடப்புத்தக வாக்கியம் போலவே எழுதுகிறார்கள். மாட்டுவது அவர்கள்தான்.

என் வகுப்பில் ஒரு மாணவி ஊருணியைப் பற்றி ஆங்கிலத்தில் நன்றாக எழுதியிருந்தாள். கருவி, பெரும்பகுதி ஏஐ எழுதியது என்றது. நான் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ரஃப் நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று பக்கம் அடித்தல் திருத்தல், ஒரே சொல்லுக்கு நான்கு ஸ்பெல்லிங் எழுதிப் பார்த்திருந்தாள். அதே வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் பல மாதம் அவள் கை தூக்கவே இல்லை. சந்தேகம் வந்தால் ரஃப் நோட்டைக் கேளுங்கள். இல்லை, தனியாகக் கூப்பிட்டு எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். சொந்தமாக எழுதிய பிள்ளை பேசும்.

சரி, வரவேற்கும் பக்கம் என்ன தவறு? பிள்ளை யோசிப்பதற்கு முன்பே கருவியைக் கையில் கொடுத்துவிடுவது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் ஒரு ஆய்வு நடந்தது. வழக்கமான சாட்பாட்டைக் கொடுத்தபோது பயிற்சிக் கணக்கில் மதிப்பெண் 48 சதவீதம் கூடியது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களை விட 17 சதவீதம் குறைந்தது. இன்னொரு குழுவுக்கு விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் தயாரித்த குறிப்புகளை மட்டும் தரும்படி அமைத்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தேர்வில் அந்த இழப்பு இல்லை, பெரிய லாபமும் இல்லை. 'ஏஐ வகுப்பறை' என்று வாசலில் பேனர் கட்டும் நிர்வாகங்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

அதனால் நான் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதல் இருபது நிமிடம் நோட்டு மட்டும், அவரவர் பதில். பிறகு ஹைடெக் லேபில் திரையில் ஒரே கேள்வியை எல்லோரும் பார்க்க ஏஐயிடம் கேட்போம். வந்த பதிலில் எது தப்பு, எது விட்டுப்போனது என்று பிள்ளைகள் திருத்துவார்கள். முதல் தடவை ஆத்தங்குடிக் கல்லையே கேட்டோம். கல் பட்டறைக்காரர் மகன் எழுந்து போய்க் கரும்பலகையில் கண்ணாடி, அச்சு, தொட்டி என்று வரிசையாகப் படம் போட்டு விளக்கினான். அன்றைக்கு மணி அடித்தும் யாரும் எழவில்லை.

கேள்வியை மாற்றாமல் பிள்ளையைத் திட்டுவதும் தவறுதான். 'மழைநீர் சேகரிப்பின் நன்மைகள் யாவை?' என்று கேட்டால் ஏஐ பத்து நன்மை எழுதித் தரும். 'உங்கள் ஊர் ஊருணிக்கு வரத்துக்கால் எந்தப் பக்கமிருந்து வருகிறது? இந்த ஐப்பசியில் எந்தப் படி வரை தண்ணீர் ஏறியது? பழைய வீட்டு வளவில் விழுந்த மழைத் தண்ணீரை என்ன செய்தார்கள் என்று அப்பத்தாவிடம் கேட்டு எழுது' என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை ஊருணிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

தமிழில் ஏஐ சொல்வதைச் சரிபார்க்காமல் ஏற்பது இன்னொன்று. குறள் கேட்டால் 1330-இல் இல்லாத ஒன்றை எண்ணோடு, பொருளோடு தந்துவிடும். முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தாலே பாதி பிடிபடும். மீதிக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

வயதையும் கவனிப்பதில்லை. வகுப்பறையில் இந்தக் கருவிகளுக்கு 13 வயதாவது குறைந்தபட்ச வரம்பாக இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு இது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் பிள்ளைக்கு வேண்டியது டீச்சரின் குரல்.

கடைசியாக, ஆசிரியர்களான நாங்கள் அவசரத்தில் செய்வது. ரேங்க் கார்டில் குறிப்பு எழுத வேண்டும் என்று பெயர், மதிப்பெண், சில சமயம் வீட்டு நிலைமை வரைக்கும் இலவச ஏஐ செயலியில் போட்டுவிடுகிறோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பெயரை எடுத்துவிட்டுக் கேட்டாலே குறிப்பு கிடைக்குமே! பெற்றோரும், பள்ளியிலிருந்து புதுச் செயலிக்குச் சம்மதம் கேட்டு வந்தால், வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஓகே போடுகிறார்களே என்று உடனே போட்டுவிடாதீர்கள். பிள்ளையின் எந்தத் தகவல் போகிறது, யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பார்கள், வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன ஏற்பாடு என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.