எலிக்காய்ச்சலை எடுத்துக்காட்டாக வைத்து: மருத்துவர்களுக்கும் மருத்துவ ஆசிரியர்களுக்கும் உதவும் இணையத்தளங்கள்

2024 டிசம்பரில், வெள்ளத்தைத் தொடர்ந்து, யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. சேற்று வயலில் இறங்கும் விவசாயிக்கு நோய் வருமுன் முற்காப்பாக டொக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுப்பதால் எவ்வளவு பயன் கிடைக்கும் என்று ஒரு மாணவி கேட்டால், ஆசிரியர் எங்கே தேடித் தெளிவது?

முதலில் பப்மெட். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவதற்காக அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இத்தளத்தில் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் முற்காப்பைக் குறிக்கும் சொல்லையும் ஆங்கிலத்தில் இடைவெளி விட்டுத் தட்டெழுதினாலே, மூன்றும் சேர்ந்து வரும் கட்டுரைகள் முன்னே வரும். பின்னர் பக்கவாட்டிலுள்ள வடிகட்டிகளில் எழுமாற்றுப் பரிசோதனைகளை (யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்தும் ஆய்வுகளை) மட்டும் தெரிவு செய்யுங்கள். 1984இல் வெளியான ஓர் ஆய்வு கிடைக்கும்: பனாமாவில் காட்டுப் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படையினரில், வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் பெற்ற பிரிவில் ஒருவருக்கும், போலி மருந்து பெற்ற பிரிவில் 20 பேருக்கும் நோய் வந்தது. இதோடு நிறுத்திவிடுவது ஆபத்து. சில வாரங்களே காட்டில் இருந்த படைவீரரும் ஆண்டுதோறும் வயலில் நிற்கும் நம் விவசாயியும் ஒரே நிலையில் உள்ளவர்கள் அல்லர். அந்தமான் தீவுகளில் நடந்து 2000இல் வெளியான பரிசோதனையையும் படியுங்கள். அங்கே மருந்து தொற்றைத் தடுக்கவில்லை, ஆனால் நோய் வெளிப்படுவதைக் குறைத்தது. இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து மாணவர்களைப் பேசவிடுவதே, என் பார்வையில், மிகச் சிறந்த வகுப்பு.

பப்மெட்டில் கட்டுரையின் சுருக்கம் மட்டும் தெரிந்தால், முழுக்கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரலில் முழுக்கட்டுரை கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட முடிவு வேண்டுமானால் கொக்ரேன் நூலகத்தை நாடலாம்.

வெளிநாட்டுச் சான்று எவ்வளவு வலுவானதாயினும், நமது மாவட்டத்தின் நிலையை அது சொல்லாது. அதற்குச் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் வாராந்த அறிக்கையும் வழிகாட்டல்களும் உண்டு. மருந்தளவைத் தீர்மானிக்கும் முன் அங்குள்ள அண்மைய வழிகாட்டலையே பார்க்க வேண்டும். இலங்கைச் சஞ்சிகைகளுக்கு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளம் போதும். யாழ்ப்பாண மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையையும் அங்கே வாசிக்கலாம்.

நோயாளிக்கு விளக்குவது தனி வேலை. சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தின் தமிழ்ப் பிரசுரங்களை எடுத்து, கிராமத்தவர் பேசும் சொற்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீனின் மரபு நமக்கு உண்டு. தமிழில் விளக்க இயலாது என்று ஒதுங்க நமக்கு நியாயம் இல்லை.

விரிவுரைக்கு எடுத்த ஒவ்வொரு கட்டுரைக்கும் பப்மெட் தரும் தனி அடையாள எண்ணையும், பார்த்த வழிகாட்டல் வெளியான ஆண்டையும் படவில்லையின் அடியில் குறித்துவிடுங்கள். மாணவர்கள் அந்த எண்ணைத் தட்டி மூலக் கட்டுரையைத் தாங்களே சரிபார்க்க முடியும். அடுத்த ஆண்டு அதே விரிவுரையை நடத்துபவருக்கும் எதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரியும்.