பழைய கிராமபோன்: சாவி கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

எச்.எம்.வி.யின் நாய்ப் படம் இருந்தாலே அசல் என்று நம்புவதுதான் முதல் தவறு. ஒட்டுப்படத்தை யாரும் ஒட்டலாம். பளபளக்கும் பித்தளைப் புனல், எண்கோணப் பெட்டி, புத்தம்புது வார்னிஷ் மூன்றும் சேர்ந்திருந்தால், அநேகமாக அது கையில் தூக்கிச் செல்லும் பழைய போர்ட்டபிள் கிராமபோன் ஒன்றின் மோட்டாரைப் புதுப் பெட்டியில் பொருத்திய வேலை. ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸைத் தாங்கும் கைக்குழாயைப் பாருங்கள். அசல் புனல் கிராமபோன்களில் பெரும்பாலும் அது புனலை நோக்கி மெல்ல மெல்ல அகன்றுகொண்டே போகும். போலியில் ஒரே பருமனுள்ள குழாயை வெட்டிப் பற்றவைத்திருப்பார்கள். மோட்டார் பலகையைக் கழற்றித் திருப்பினால், வெளிறிய புது மரமும் எதற்கும் பொருந்தாத திருகுத் துளைகளும் மீதிக் கதையைச் சொல்லிவிடும்.

அடுத்து, எந்தத் தட்டுக்கான கருவி என்று பார்க்காமல் ஊசியை வைப்பது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் சாதாரணத் தட்டுக்கான சவுண்ட் பாக்ஸ் செங்குத்தாக நிற்கும். அது தட்டின் மேல் படுத்த நிலையில் இருந்தால், கருவி மேலும் கீழுமாகப் பதிந்த பள்ளங்களுக்கானது. எடிசன் 1912இல் கொண்டுவந்த டைமண்ட் டிஸ்க் அப்படிப்பட்டது. ஏறக்குறைய 6 மி.மீ. தடிமன் இருக்கும், 80 சுற்று வேகம். அதில் எஃகு ஊசியை ஒருமுறை ஓட்டினாலே தட்டு பாழ்.

வாங்கி வந்த கையோடு முழுக்கச் சாவி கொடுப்பது பலரும் செய்வது. மோட்டாரை ஓட்டும் ஸ்பிரிங்கில் உள்ள கிரீஸ் பல்லாண்டுகளில் மெழுகாக இறுகியிருக்கும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாட்டின் நடுவே 'டொக்' என்று விடுபடும். அந்தச் சத்தம் கேட்டால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் முறியும்.

இங்கேதான் ஆபத்தான தவறு. முறுக்கை முழுதாக இறக்காமல் ஸ்பிரிங் டப்பாவைத் திறக்கவே கூடாது. முறுக்கு இறங்கிய பிறகும் டப்பாவுக்குள் ஸ்பிரிங் அழுந்தித்தான் இருக்கும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம். நடுச் சுருளைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாக வெளியே விடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, இரு முனைகளிலும் உள்ள துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். பிறகு கிராஃபைட் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவி, வெளிச் சுற்றிலிருந்து உள்நோக்கி, பழைய திசையிலேயே சுற்றி வையுங்கள்.

வேகம் தடுமாறினால் ஸ்பிரிங்கைக் குறை சொல்லும் முன், சுழலும் குண்டுகளால் வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னரைப் பாருங்கள். உராயும் தோல் அல்லது ஃபெல்ட் துண்டு காய்ந்திருந்தால் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் போதும். குண்டுகளைத் தாங்கும் தகடுகளை வளைத்துச் சரிசெய்ய வேண்டாம், ஒன்று மாறினாலும் அதிர்வு வரும். வேகத்தை அளக்க, தட்டின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, ஊசி ஓடும்போதே ஒரு நிமிடம் எண்ணுங்கள். 78 வர வேண்டும்.

கரகரப்புக்குப் பெரும்பாலும் காரணம் சவுண்ட் பாக்ஸில் கல்லாகிப்போன ரப்பர் வளையங்கள். அதே பருமனில் மென்மையான புது ரப்பர் குழாயை வெட்டிப் போடலாம். உள்ளே அதிரும் மைக்கா தகடு நெருக்கப்படாமல் உட்கார வேண்டும். சவுண்ட் பாக்ஸ் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருந்தால் திருகை அழுத்தித் திருப்பாதீர்கள். அந்த உலோகம் வயதில் உப்பி, பிஸ்கட்போல் நொறுங்கும்.

பெட்டிக்கு உப்புத்தாள் போட்டால் பழைய பூச்சும் ஒட்டுப்படமும் சேர்ந்தே போகும். நிக்கல் முலாமை பாலிஷால் தேய்த்தாலும் அதே நஷ்டம்தான்.

அரக்கால் ஆன 78 தட்டைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட் வேண்டாம், அரக்கு அதில் கரையும். எஃகு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. தேய்ந்த முனை உளிபோல் பள்ளத்தைச் சீவும். எல்.பி. வினைல் தட்டை இதில் போடவே வேண்டாம். நூறு கிராமுக்கு மேல் பாரமுள்ள சவுண்ட் பாக்ஸ் அதை ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும்.